ஊட்டி குளிர்லயும் கேமிங் லேப்டாப் கொதிக்குதா? புதுசா வாங்கினவங்களுக்கு படிப்படியா ஒரு வழிகாட்டி

நீலகிரில கேமிங் லேப்டாப் வாங்கற பசங்க நிறைய பேர் ஒரு விஷயத்த ரொம்ப நம்பிக்கையா சொல்லுவாங்க, "நமக்கென்னங்க, இந்த குளிருக்கு லேப்டாப் எங்க சூடாகப் போகுது, சென்னைக்காரங்க தான் கவலைப்படணும்"னு. வாங்கி ஒரு வருஷம் தாண்டினதும் அதே பசங்க "அண்ணா, கேம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துலயே திக்கித் திக்கி ஓடுது, கீபோர்டு மேல கை வைக்க முடியல"ன்னு தூக்கிட்டு வர்றாங்க. ரூமுக்கு வெளிய 12 டிகிரி, உள்ள சிபியு, அதாவது லேப்டாப்போட மூளையா இருக்கற சிப்பு, 97 டிகிரி. இது ஏன் நடக்குது, நீங்களே வீட்டுல உக்காந்து என்னென்ன பண்ணலாம், எத மட்டும் கடைல குடுக்கணும்னு வரிசையா சொல்றேன். கொடைக்கானல், மேல்மலை பக்கம் இருக்கறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

குளிர் காத்து லேப்டாப்புக்கு நல்லது தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த காத்து உள்ள போகணும், சூட்ட வாங்கணும், வெளிய வரணும். மலை வீட்டுல நம்ம பழக்கம் இந்த மூணையும் தடுக்கற மாதிரி தான் இருக்கு. ஜன்னல சாத்தி, கட்டில்ல கம்பளி விரிச்சு, மேல ரஜாய் போத்தி, மடில லேப்டாப்ப வெச்சு விளையாடறோம். வெளிய எவ்வளவு குளுந்தாலும் அந்த ரஜாய்க்குள்ள இருக்கற காத்து தான் லேப்டாப்புக்கு கிடைக்கற காத்து.

காத்து லேசா இருக்கறதும் ஒரு காரணம்

ஊட்டி கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100, குன்னூர் சுமார் 1,850. ஊட்டி உயரத்துல காத்தோட அடர்த்தி கடற்கரைய விட சுமார் 20 சதவீதம் கம்மி. நம்ம ஊர்ல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிச்சிடுது, குக்கர் இல்லாம பருப்பு வேக நேரம் எடுக்குதுல்ல, அதுக்கும் பின்னாடி இருக்கறது இதே லேசான காத்து தான். லேப்டாப் ஃபேன் ஒரு சுத்துக்கு அதே அளவு காத்த தான் தள்ளும், ஆனா அந்த காத்துல எடை கம்மிங்கறதால அது தூக்கிட்டுப் போற சூடும் கம்மி. அதனால அதே லேப்டாப் அதே கேமுக்கு ரூம் சூடு ஒண்ணா இருந்தும் கோயம்புத்தூர விட இங்க ஃபேன் கொஞ்சம் அதிகமா இரைஞ்சா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல.

உத்தேசமா ஒரு கணக்கு சொல்றேன். சமவெளில ரூம் 34 டிகிரி, சிபியு அத விட 60 டிகிரி மேல போகுதுன்னா 94ல நிக்கும். ஊட்டில ரூம் 18 டிகிரி, ஆனா லேசான காத்தால அந்த 60ங்கறது 67, 68ன்னு ஆகிடும், ஆக 86. அதாவது ரூம் 16 டிகிரி குளிரா இருந்தும் நமக்கு கைல கிடைக்கற லாபம் 8 டிகிரி தான். அதுலயும் ரூம் ஹீட்டர் போட்டு 25 டிகிரி ஆக்கிட்டீங்கன்னா லாபம் கிட்டத்தட்ட காலி, அதுக்கு மேல தூசியும் அடைச்சிருந்தா சமவெளிக்காரங்கள விட மோசமாவே போகும்.

சிலர் "தண்ணி சீக்கிரம் கொதிக்குதுன்னா, சிப்போட சூட்ட ஃபேன் பக்கம் கடத்தற ஹீட் பைப்புக்குள்ள இருக்கற தண்ணியும் சீக்கிரம் ஆவியாகி தீந்துடுமா"ன்னு கேக்கறாங்க, நல்ல கேள்வி தான். ஆகாது. அந்த செம்பு குழாய் முழுசா சீல் பண்ணது, வெளி காத்தழுத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பெரும்பாலான லேப்டாப் மேனுவல்ல 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி வரைக்கும் ஓட்டலாம்னு போட்டிருப்பாங்க. நீலகிரிலயே உசரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர் தான், அதனால உயரத்த பாத்து பயப்பட வேண்டியதில்ல, கொஞ்சம் கூடுதலா கவனிச்சா போதும்.

முதல் வேலை: அளந்து பாருங்க

கைய வெச்சு "ரொம்ப சுடுது"ன்னு சொல்றத வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. மேல் பாகம் சுட்டாலும் உள்ள நல்லா இருக்கலாம், மேல ஜில்லுன்னு இருந்தும் உள்ள 98 டிகிரில துடிச்சிட்டு இருக்கலாம். எச்டபிள்யூ இன்ஃபோன்னு (HWiNFO) ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத போட்டு சென்சார்ஸ் மட்டும்னு டிக் பண்ணி திறங்க. அதுல சிபியு பேக்கேஜ், ஜிபியு (கேமோட படத்த வரையற கிராஃபிக்ஸ் சிப்பு) டெம்பரேச்சர் ரெண்டையும் பாருங்க, பக்கத்துலயே அதிகபட்சம்னு ஒரு காலம் இருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்லயே பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல ஜிபியு சூடு காட்டும், ஆனா சிபியு சூட்ட அது காட்டாது. கேம் ஓடும்போது ஸ்க்ரீன் மூலைலயே நம்பர் தெரியணும்னா எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போடுங்க, எந்த கம்பெனி லேப்டாப்பா இருந்தாலும் வேலை செய்யும்.

மூணு நேரத்துல நம்பர எழுதி வைங்க. சும்மா டெஸ்க்டாப்ல இருக்கும்போது, கேம் ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்துல, அரை மணி நேரம் கழிச்சு. கூடவே ரூம் எவ்வளவு குளிரா இருந்துச்சுங்கறதையும் எழுதுங்க, ஜனவரில எடுத்த நம்பரையும் ஏப்ரல்ல எடுத்த நம்பரையும் அப்படியே ஒப்பிட்டா தப்பாத்தான் போகும்.

எவ்வளவு வரைக்கும் ஓகேன்னு கேட்டா, பெரும்பாலான இன்டெல் கேமிங் சிபியுக்கு எல்லை 100 டிகிரி, ரைசனுக்கு மாடலப் பொறுத்து 95லேர்ந்து 105 வரைக்கும், என்விடியா லேப்டாப் ஜிபியு பொதுவா 87 டிகிரி கிட்ட தானா வேகத்த குறைச்சுக்கும். கேம்ல சிபியு 80லேர்ந்து 90, ஜிபியு 70லேர்ந்து 80ன்னு இருந்தா கேமிங் லேப்டாப்புக்கு அது சாதாரணம், தூக்கத்த கெடுத்துக்காதீங்க. சிபியு 95க்கு மேலயே உக்காந்திருக்கு, ஓடற வேகம் நாலு ஜிகாஹெர்ட்ஸ்லேர்ந்து ரெண்டரைக்கு விழுது, எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தன ஃப்ரேம்ங்கற கணக்கு) நல்லா போயிட்டு இருந்தது திடீர்னு பாதியாகுதுன்னா அது தான் த்ராட்லிங். லேப்டாப் தன்ன காப்பாத்திக்க தானே வேகத்த குறைக்குது. அந்த இன்ஃபோ சாஃப்ட்வேர்லயே தெர்மல் த்ராட்லிங்னு ஒரு வரி இருக்கும், அது எஸ்னு மாறியிருந்தா சந்தேகமே வேண்டாம்.

எங்க வெச்சு விளையாடறீங்க

இது காசு செலவில்லாத படி, இதுக்கு தான் நான் அதிகமா அழுத்தம் குடுப்பேன். லேப்டாப்ப திருப்பிப் பாருங்க, அடில கம்பி கம்பியா இடைவெளி இருக்கும், ஃபேன் காத்த இழுக்கறது பெரும்பாலும் அங்கேர்ந்து தான். அடில இருக்கற ரப்பர் காலோட உயரம் சில மில்லிமீட்டர் தான். கம்பளி மேல வெச்சா அந்த கால் அமுங்கி உள்ள போயிடும், கம்பளி நேரா அந்த ஓட்டைய மூடிடும். மெத்த, தலகாணி, சோபா, மடி எல்லாமே இதே கதை தான்.

மேஜை வேணும். மேஜை இல்லன்னா ஒரு பலகை, பழைய பரீட்சை அட்டை, ஒரு பெரிய தட்டையான ட்ரே, கட்டியா இருக்கற எது வேணா போதும். அதுக்கு மேல பின்பக்கம் ரெண்டு மூலைலயும் ஒரே உயரத்துல ரெண்டு மரத்துண்டோ, ரெண்டு பெரிய ரப்பரோ வெச்சு ரெண்டு மூணு செண்டிமீட்டர் தூக்குங்க. காத்து ஓட்டைய மறைக்காம வைக்கணும், அது தான் முக்கியம். இத மட்டும் பண்ணிட்டு திரும்ப அளந்து பாருங்க, சில டிகிரி இறங்கறது கண்ணுக்கே தெரியும். பின்னாடியும் பக்கவாட்டுலயும் சூடு வெளிய வர்ற பக்கம் சுவத்துக்கும் லேப்டாப்புக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்க. திரைச்சீலை தொங்கற ஜன்னல் பக்கம் வைக்காதீங்க, துணி மெதுவா வந்து ஒட்டிக்கும், நமக்கு தெரியவே தெரியாது.

குளுருதே என்ன பண்றதுன்னா உங்கள போத்திக்கோங்க, லேப்டாப்ப போத்தாதீங்க. ஸ்வெட்டர், மங்கி கேப், கால்ல சாக்ஸ், தோள்ல ரஜாய் எல்லாம் சரி, ரஜாயோட நுனி மேஜைக்கு வரக்கூடாது, அவ்வளவு தான். வெளிய வர்ற சூட்டுல கைய காட்டி குளிர் காயறது சுகமா இருக்கும், தள்ளி காட்டினா தப்பில்ல, அந்த ஓட்டைய கையால மூடிடாதீங்க. ரூம் ஹீட்டர லேப்டாப் பக்கமா திருப்பி வைக்காதீங்க, முதுகுப் பக்கம் வைங்க.

சிலர் வீட்டுல கரி அடுப்ப ரூமுக்குள்ள கொண்டு வந்து வெச்சுக்கறாங்க. அதோட சாம்பல் ஃபேனுக்குள்ள போறது ரெண்டாவது விஷயம், முதல் விஷயம் உங்க உயிர். ஜன்னல் சாத்தின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆள கொன்னுடும். ராத்திரி முழுக்க விளையாடறவங்க தயவு செஞ்சு இத மட்டும் செய்யாதீங்க.

அடாப்டரும் சூடாகற சாமான் தான். கட்டிலுக்கடில கம்பளிக்குள்ள சுருட்டி போட்டு வைக்காம தரைல, காத்து படற மாதிரி வைங்க. மழைக்காலத்துல வோல்டேஜ் குறைஞ்சா அடாப்டர் அதிகமா கரண்ட் இழுத்து இன்னும் சூடாகும்.

செட்டிங்ஸ்ல பண்ணக்கூடியது

இதுக்கு ஸ்க்ரூ ட்ரைவர் வேண்டாம், அதனால திறந்து பாக்கறதுக்கு முன்னாடியே இத முடிச்சிடுங்க.

எஃப்பிஎஸ்க்கு ஒரு எல்லை வைங்க, அது தான் முதல்ல. உங்க ஸ்க்ரீன் 144 ஹெர்ட்ஸ், ஆனா வாலரன்ட் மாதிரி கேம் 250, 300ன்னு ஓடிட்டு இருக்கும், ஸ்க்ரீன் காட்டவே முடியாத ஃப்ரேமுக்கு சிபியு, ஜிபியு ரெண்டும் வெந்துட்டு இருக்கு. என்விடியா கன்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃப்ரேம் ரேட்னு இருக்கும், அதுல 140 போடுங்க, கதை கேம் விளையாடறீங்கன்னா 60 போதும், கண்ணுக்கு வித்தியாசம் பழகிடும், ஃபேன் சத்தம் மட்டும் சட்டுனு அடங்கும். போட்டி கேம் விளையாடறவங்க அதிக எஃப்பிஎஸ் வேணும்பாங்க, அது அவங்க விருப்பம், ஆனா லாபிலயும் மெனுலயும் கூட 300 ஓட வேண்டிய அவசியமில்ல. நிறைய கேம்ல மெனுவுக்கு தனியா, பின்னணில இருக்கும்போது தனியா லிமிட் வைக்கற ஆப்ஷன் இருக்கு, ரெண்டையும் 30, 60ன்னு வெச்சிடுங்க.

அடுத்து சிபியு பூஸ்ட், அதாவது சிபியு தன்னோட சாதாரண வேகத்துக்கு மேல தானா ஏறி ஓடறது. பவர் ஆப்ஷன்ஸ் போயி அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட், அதுல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100ங்கறத 99 ஆக்கினா பூஸ்ட் நின்னுடும், சூடு நல்லாவே இறங்கும், 10, 15 டிகிரி இறங்கறதெல்லாம் சாதாரணம். ஜிபியுவ நம்பி ஓடற கேம்ல எஃப்பிஎஸ் அவ்வளவா குறையாது, சிபியுவ நம்பி ஓடற கேம்ல குறையும். அதனால ரெண்டு விதமா ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க. சில புது லேப்டாப்ல இந்த ஆப்ஷன் மறைச்சு வெச்சிருப்பாங்க, அப்ப கம்பெனி குடுக்கற சாஃப்ட்வேர்ல பேலன்ஸ்டு மோடு வெச்சாலே கிட்டத்தட்ட அதே பலன் வரும்.

அந்த கம்பெனி சாஃப்ட்வேர நிறைய பேர் திறந்தே பாக்கறதில்ல. ஆசூஸ்ல ஆர்மரி க்ரேட், லெனோவோல வான்டேஜ், எச்பில ஓமன் கேமிங் ஹப், ஏசர்ல நைட்ரோ சென்ஸ் இல்ல ப்ரிடேட்டர் சென்ஸ், எம்எஸ்ஐல எம்எஸ்ஐ சென்டர். டர்போ, பெர்ஃபாமன்ஸ்னு இருக்கற மோடு ஃபேன மட்டும் ஏத்தாது, சிபியுக்கு போற கரண்டையும் ஏத்தும், அதனால "டர்போ போட்டேன், ஆனா சூடு குறையல"ன்னு சொல்றவங்க இத புரிஞ்சிக்கணும். பவர் பேலன்ஸ்டுல, ஃபேன் மட்டும் கூடுதலா வைக்க முடிஞ்சா நம்ம உயரத்துக்கு அது தான் சரி. லேசான காத்துக்கு ஃபேன் கொஞ்சம் வேகமா சுத்தினா தான் ஈடாகும், சத்தத்துக்கு ஹெட்செட் போட்டுக்கோங்க.

அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்கு போற வோல்டேஜ கொஞ்சம் குறைக்கறது, அத பத்தி கேப்பீங்க. ஜிபியுக்கு ஆஃப்டர்பர்னர்ல கர்வ் எடிட்டர் திறந்து கொஞ்சம் கொஞ்சமா பண்ணலாம், ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்து, கேம் க்ராஷ் ஆனா ஒரு படி பின்னாடி வந்துடுங்க. இன்டெல் சிபியுல 2019ல ப்ளண்டர்வோல்ட்னு ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்ததுக்கப்புறம் நிறைய லேப்டாப்ல அந்த வசதிய பூட்டிட்டாங்க. புதுசா வாங்கினவங்க முதல் மாசத்துலயே இதுல இறங்க வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

தூசி எடுக்கறது

மேல சொன்னதெல்லாம் பண்ணியும் நம்பர் இறங்கலன்னா உள்ள அடைச்சிருக்குன்னு அர்த்தம். நம்ம மலைல ரோட்டுத் தூசி கம்மி, ஆனா கம்பளி நூல் அதிகம். ஸ்வெட்டர், ரஜாய், கம்பளி, கார்ப்பெட், வீட்டு நாயோட முடி எல்லாம் சேந்து ஃபேன் வழியா உள்ள போகும். ஃபேன் இறக்கைல அவ்வளவா ஒட்டாது, அத தாண்டி ஹீட்சிங்க் தகடு இருக்குல்ல, சீப்பு பல்லு மாதிரி நெருக்கமா, அங்க போயி டீ வடிகட்டில தூள் அடைச்சிக்கிட்ட மாதிரி நின்னுடும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல இருக்கறதால வெளிலேர்ந்து டார்ச் அடிச்சு பாத்தா தூசியே இல்லாத மாதிரி தான் தெரியும். திறந்து ஃபேன் மூடிய எடுத்தா தான் தெரியும், சாம்பல் கலர்ல ஒரு துணி கிழிசல் மாதிரி அப்படியே படிஞ்சிருக்கும், ட்வீசர்ல ஒரு ஓரத்த புடிச்சு இழுத்தா முழுசா ஒரே பட்டையா உரிஞ்சு வரும், உத்து பாத்தா அதுல செகப்பு, பச்சைன்னு வீட்டுல இருக்கற கம்பளி நூலோட கலர் எல்லாம் தெரியும். அத எடுத்த லேப்டாப்ல அன்னைக்கே சூடு எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க, அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. டீ ஃபாக்டரி பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு டீ நார் தூசியும் சேரும், அவங்க இன்னும் அடிக்கடி பாக்கணும்.

திறக்காம பண்றதுன்னா ஷட் டவுன் பண்ணி, சார்ஜர் கழட்டி, சூடு ஆறினதும் வெளிய வர்ற ஓட்டை வழியா கம்ப்ரஸ்டு ஏர் கேன விட்டு விட்டு சின்ன சின்னதா அடிங்க. கேன சாய்க்காதீங்க, சாய்ச்சா உள்ள இருக்கற திரவம் ஐஸ் மாதிரி பீச்சும். அடிக்கும்போது ஃபேன் சுத்தக்கூடாது, அடி ஓட்டை வழியா ஒரு பல்குச்சிய விட்டு இறக்கைய மெதுவா நிறுத்தி வெச்சுக்கோங்க, காத்து வேகத்துல அளவுக்கு மீறி சுத்தினா பேரிங் போயிடும். வேக்கம் க்ளீனர் வேண்டவே வேண்டாம், அதோட முனைல ஸ்டாட்டிக் கரண்ட் சேரும். கடைல வெச்சிருக்கற பெரிய ப்ளோயரும் நேரா கிட்ட வெச்சு அடிக்கற சாமான் இல்ல.

திறந்து பண்றதுன்னா, முதல்ல வாரன்டி பேப்பர பாருங்க, உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல டவுன்லோட் பண்ணி ஒரு தடவ முழுசா படிங்க. அப்புறம் ஸ்வெட்டர கழட்டுங்க. இத விளையாட்டுக்கு சொல்லல, டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் பகல்ல காத்து காய்ஞ்சு கிடக்கும், கம்பளியும் ஃப்ளீஸ் ஜாக்கெட்டும் உடம்புல உரசி உரசி ஸ்டாட்டிக் சேரும், ஸ்வெட்டர் கழட்டும்போது பட பட்னு சத்தம் வருதுல்ல, அதே தான். அது போர்டுல ஒரு சின்ன சிப்ப காலி பண்ண போதும். காட்டன் சட்டையோட உக்காந்து, மண்ணு தரையோட சேந்த இரும்பு கிரில்லையோ தண்ணி பைப்பையோ தொட்டுட்டு ஆரம்பிங்க.

ஸ்க்ரூ ஒரே நீளம் இருக்காது. ஒரு பேப்பர்ல லேப்டாப் அடிப்பாகத்த வரைஞ்சு, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்துலயே செல்லோடேப் போட்டு ஒட்டி வைங்க, நீள ஸ்க்ரூவ குட்டி இடத்துல முறுக்கினா உள்ள போர்ட குத்தும். சில மாடல்ல ரப்பர் காலுக்கு அடிலயும் ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். மூடிய பழைய ஏடிஎம் கார்டால சுத்தி நெம்புங்க, கத்தி வேண்டாம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டர கழட்டறது, அதுக்கப்புறம் தான் மத்ததெல்லாம். புது பெயின்ட் பிரஷ் ஒண்ணு, ட்வீசர் ஒண்ணு, கேமரா லென்ஸ் துடைக்க வர்ற ரப்பர் ப்ளோயர் ஒண்ணு, இது மூணு போதும் வீட்டு வேலைக்கு. கம்பளி அதிகமா பொழங்கற வீடுன்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பாத்துடுங்க.

பேட்டரி உப்பியிருந்தா, டச்பேட் மேல தூக்கியிருந்தா, அடி மூடி சரியா உக்காரலன்னா சார்ஜ் போடறத அன்னைக்கே நிறுத்துங்க. அத குத்தவோ அமுக்கவோ கூடாது, நேரா கடைக்கு தான்.

பேஸ்ட் மாத்தறது

தூசி எடுத்தும் கேம் ஆரம்பிச்ச சில நொடிலயே 95க்கு பாயுது, இல்ல ஒரு கோர் 78 இன்னொரு கோர் 96ன்னு பெரிய வித்தியாசம் காட்டுதுன்னா சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல சூடு கடத்தறதுக்கு தடவியிருக்கற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கும், இல்ல நடுவுலேர்ந்து ஓரத்துக்கு பிதுங்கிப் போயிருக்கும். காலைல 8 டிகிரில இருக்கற சிப்பு கேம் போட்டதும் 95க்கு போயி, ராத்திரி திரும்ப 8க்கு வருது, இப்படி விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கித்தான் பேஸ்ட் வெளிய தள்ளப்படுது. ஆர்க்டிக் எம்எக்ஸ் 4, எம்எக்ஸ் 6 மாதிரி பேஸ்ட் தாராளமா போதும், கிடைச்சா ஹனிவெல் பிடிஎம் 7950ங்கற ஷீட் இன்னும் நல்லது, அது சுமார் 45 டிகிரில இளகி பரவும், பேஸ்ட் மாதிரி பிதுங்கி ஓடாது, நம்ம ஊர் குளிர் சூட்டுக்கு அது தான் என் முதல் தேர்வு.

கைப்பழக்கம் இல்லாதவங்க முதல் தடவ நீங்களே பண்ண வேண்டாம், பக்கத்துல உக்காந்து பாருங்க. ஹீட்சிங்க் ஸ்க்ரூ மேல 1, 2, 3, 4ன்னு நம்பர் போட்டிருக்கும், கழட்டும்போது பெரிய நம்பர்லேர்ந்து, மாட்டும்போது 1லேர்ந்து, ஒரேடியா முறுக்காம எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா. மெமரி சிப் மேல இருக்கற மெத்து மெத்துன்னு பட்டைய (தெர்மல் பேட்) பிச்சு எறியக்கூடாது, அதோட தடிமன் மாறினா ஹீட்சிங்க் சிப்புல சரியா உக்காராது. திறந்ததும் சிப்பு மேல கண்ணாடி மாதிரி பளபளன்னு வெள்ளி கலர்ல இருந்தா கைய எடுத்துடுங்க, அது லிக்விட் மெட்டல், ஆசூஸ் ராக் வரிசைல சில மாடல்ல கம்பெனியே போட்டு வரும். ஒரு சொட்டு போர்டுல விழுந்தா ஷார்ட், அலுமினியத்துல பட்டா அரிச்சிடும்.

கூலிங் பேட் வாங்கலாமா? ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்கற பேட்ல பாதி வேலைய அது லேப்டாப்ப தூக்கி வைக்கறதே செஞ்சிடுது, அத நீங்க மரத்துண்டுலயே செஞ்சிட்டீங்க. வாங்கறதா இருந்தா பேட் ஃபேனும் லேப்டாப் ஓட்டையும் நேருக்கு நேர் வருதான்னு பாத்து வாங்குங்க.

பனியும் ஈரமும்

சமவெளி ஆளுங்க எழுதற குறிப்புல இந்த பாகம் இருக்கவே இருக்காது. டிசம்பர், ஜனவரில காந்தல், தலைகுந்தா பக்கமெல்லாம் உறைபனி விழும், காலைல புல்லு வெள்ளையா கிடக்கும். நிறைய லேப்டாப்போட மேனுவல்ல ஓட்டற வெப்பநிலை 5லேர்ந்து 35 டிகிரின்னு போட்டிருக்கும், அந்த மாதிரி ராத்திரில கார்லயோ வராண்டாலயோ விட்ட லேப்டாப் அதுக்கும் கீழ போயிருக்கும். எடுத்த உடனே சார்ஜ் போட்டு கேம் ஆரம்பிக்காதீங்க, லித்தியம் பேட்டரிய 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் பண்ணா உள்ள நிரந்தரமா கெடும். ரூம்ல வெச்சு குளிர் போகட்டும்.

இன்னொரு ஆபத்து கீழ இறங்கும்போது. காலைல ஊட்டில கார் டிக்கில ஜில்லுன்னு இருந்த லேப்டாப், மேட்டுப்பாளையம் போனதும் அங்க இருக்கற ஈரச் சூட்டு காத்து பட்டா கண்ணாடி டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்தினா வெளிய வேர்க்குதுல்ல, அதே தான் உள்ள போர்டு மேலயும் நடக்கும். கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்கு ஞாயித்துக்கிழமை போறவங்க, கொடைலேர்ந்து வத்தலகுண்டு இறங்கறவங்க எல்லாரும் லேப்டாப்ப பைலயே ஜிப் போட்டு ஒரு மணி, ரெண்டு மணி நேரம் விட்டுட்டு அப்புறம் திறங்க. பைக்குள்ள மெதுவா சூடேறினா ஈரம் பை மேல படியும், லேப்டாப் மேல படியாது.

ஜூன்லேர்ந்து வீட்டுக்குள்ள மேகம் வர்ற நாள்ல ஜன்னலோரம் லேப்டாப் வேண்டாம். பல வாரம் பைக்குள்ள மூடி வெச்சா பூஞ்சை வாசனை வர ஆரம்பிச்சிடும், கனெக்டர்ல பச்சை பூக்கும். மழைக்காலத்துல தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்க, அந்த சூடே உள்ள இருக்கற ஈரத்த காய வெச்சிடும். பைல ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைங்க, ஷூ பெட்டில வர்றதே போதும். எந்நேரமும் சார்ஜர்லயே விளையாடறவங்க கம்பெனி சாஃப்ட்வேர்ல சார்ஜ் லிமிட் 80 சதவீதம்னு வெச்சா சூடுலயும் பேட்டரி கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

கடைல குடுக்கும்போது

மேல ஊர்ல ஆள் கிடைக்கலன்னா ஊட்டி, குன்னூர் ஆளுங்க கோயம்புத்தூருக்கும், கொடைக்கானல் ஆளுங்க திண்டுக்கல், மதுரைக்கும் தான் போகணும், ஒரு முழு நாள் போயிடும், அதனால ஒரே தடவைல முடியற மாதிரி போங்க. நீங்க எழுதி வெச்ச நம்பர காட்டுங்க, "சூடாகுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த பேஸ்ட் போடறாங்க, தெர்மல் பேட் பட்டைய மாத்தறாங்களா, எந்த தடிமன்னு கேளுங்க, கேக்க கூச்சமே வேண்டாம், உங்க வீட்டுல கஷ்டப்பட்டு சேத்த காசுல வாங்கின சாமான். ஃபேன் கரகரன்னு சத்தம் போட்டுச்சுன்னா ஃபேனையே மாத்த சொல்லுங்க, எண்ணெய் விட்டு குடுக்கறது ரொம்ப நாள் தாங்காது. மூடி மாட்டினதும் அங்கயே பத்து நிமிஷம் லோடு குடுத்து நம்பர காட்ட சொல்லுங்க, கடை ரூமோட சூட்டையும் சேத்து எழுதிக்கோங்க, ஏன்னா ஏசி இல்லாத கோயம்புத்தூர் கடைல 88 காட்டினா, ஹீட்டர் போடாத நம்ம வீட்டு ரூம்ல அத விட கம்மியா தான் காட்டணும். ரெண்டு நாள் வீட்டுல ஓட்டியும் அப்படி காட்டலன்னா ஹீட்சிங்க் சரியா உக்காராம இருக்கலாம், அதே கடைக்கு போன் போட்டு திரும்ப திறக்க சொல்லுங்க.